குதிரை வாங்குவதா, லாயத்தில் வேலைக்குச் சேருவதா?

கேள்வி: வயது 26, சேலம் அஸ்தம்பட்டி. நான்கு வருடமாகத் தனியார் வேலை, கைக்கு 26,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கு 10,000, சீட்டுக்கு 5,000 போகிறது. ஒரு லட்ச ரூபாய் சீட்டு; இன்னும் எடுக்கவில்லை, 8 மாதம் பாக்கி. வங்கியில் 3.2 லட்சம் இருக்கிறது. குதிரைப் பயிற்சியாளர் ஆக ஆசை. பெங்களூரு பக்கம் ஒரு சவாரிப் பள்ளியில் தங்குமிடம், சாப்பாட்டோடு 12,000 சம்பளத்துக்கு இரண்டு வருடம் உதவியாளராகக் கூப்பிடுகிறார்கள். நண்பர்களோ, 'அந்தியூர்ச் சந்தையில் 1.8 லட்சத்துக்குக் குதிரை வாங்கு, ஏற்காட்டில் சவாரி விட்டுக்கொண்டே பழகு' என்கிறார்கள். எது சரி?

பதில்: பெங்களூரு. குதிரை இப்போது வேண்டாம்.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்போமே, குதிரையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 400 கிலோ எடையுள்ள குதிரை தினமும் சுமார் 8 கிலோ உலர்தீவனம் தின்னும். மாதம் 240 கிலோ. கொள்ளு, தவிடு, ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம், குடற்புழு மருந்து எல்லாம் தனி. ராத்திரி வயிற்றுவலி வந்துவிட்டால் டாக்டர் செலவு. ஏற்காட்டில் கூட்டம் அள்ளுவது கோடை சீசனில். குதிரைக்கு வருடம் முழுக்கப் பசிக்கும். அதோடு, பழகாத குதிரையும் பழகாத ஆளும் சேர்ந்து சுற்றுலாக் குழந்தைகளை ஏற்றிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, பெங்களூருக் கணக்கைப் பார்ப்போம். சம்பளம் 12,000. வீடு, சீட்டு, உங்கள் கைச்செலவு 4,000 சேர்த்தால் 19,000. மாதம் 7,000 துண்டு விழும். எட்டு மாதத்துக்கு 56,000. சீட்டு முடிந்தபின் துண்டு 2,000 மட்டுமே. மீதி 16 மாதத்துக்கு 32,000. ஆக, இரண்டு வருடப் படிப்புக்கு உங்கள் கையிலிருந்து போவது 88,000 ரூபாய். குதிரை விலையில் பாதிகூட இல்லை! சீட்டை அவசரப்பட்டு, தள்ளுபடி கொடுத்து ஏலத்தில் எடுக்காதீர்கள். கடைசியில் எடுத்தால் சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக அந்த ஒரு லட்சம் வீட்டு அவசரத்துக்கு நிற்கும்.

பிஎஃப் பணத்தைத் தொட வேண்டாம். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. புது இடத்தில் பிஎஃப் இருந்தால் அதே யுஏஎன்-க்கு (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) மாற்றுங்கள், பழைய சர்வீஸும் சேரும்.

நான் அதிகம் கவலைப்படுவது காப்பீட்டைப் பற்றி. வேலையை விட்ட அன்றே கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். சம்பளம் 21,000-க்குள் என்பதால், அந்தப் பள்ளி ஈஎஸ்ஐ-யில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பதிவாகியிருந்தால் உங்களுக்கும் கிடைக்கும். சேரும் முன் கேளுங்கள். இல்லையென்றால் சொந்தமாக மருத்துவ பாலிசி, கூடவே விபத்து பாலிசி. விண்ணப்பத்தில் 'குதிரைகளோடு வேலை' என்று மறைக்காமல் எழுதுங்கள். பல விபத்து பாலிசிகள் ஆபத்தான விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கும். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்ற கதை, க்ளெய்ம் மறுக்கப்பட்ட கடிதம் வரும்போதுதான் புரியும்.

பந்தயக் குதிரைப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. ஊட்டி, சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸ்கள் இரண்டிலும் 2024-ல் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கும் நடவடிக்கையில் இறங்கியது. பந்தயத் தொகை மீது 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 40 ஆனது. தமிழ்நாட்டில் அந்த வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. சவாரிப் பள்ளி வழியாகப் போவதே மேல்.

அப்புறம், யாராவது மானியம் என்று ஆசை காட்டுவார்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் குதிரைத் தொழில்முனைவோருக்கு 50 சதவீதம், 50 லட்சம் வரை மூலதன மானியம் 2024-ல் அறிவித்தார்கள்; உண்மைதான். ஆனால் மீதிப் பாதி உங்கள் கைப்பணமோ வங்கிக் கடனோதான். இரண்டு வருடம் கழித்து, மற்றவர்களின் குதிரைகளைப் பழக்கி மாதக் கட்டணம் வாங்கத் தொடங்கியபின் யோசிக்கலாம்.

இந்த ஆடிக்கு அந்தியூர் குருநாதசாமி திருவிழாவுக்குத் தாராளமாகப் போங்கள், குதிரைகளைப் பாருங்கள். ஜிபே-யோடு இணைத்த வங்கிக் கணக்கில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.