வெறும் ரொட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சமூகம் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லும் விஷயங்களை எழுதிய அரபு நாவலாசிரியர் ஒருவரைச் சொல்லுங்கள். ஒரே ஒருவர் போதும். (வாசகி, விருத்தாசலம்)

முகம்மது ஷுக்ரி. தன் வாழ்க்கையையே ‘வெறும் ரொட்டி’ என்ற நாவலாக எழுதியவர். மொராக்கோவின் ரீஃப் மலைப்பகுதியில் 1935இல் பிறந்தவர். 1940களின் பஞ்சத்தில் அவர் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பி டாஞ்சியருக்கு வந்தது. அங்கே போனால் ரொட்டிக்குக் குறைவிருக்காது, இனி நீ அழ வேண்டியதில்லை என்று அம்மா சொல்லித்தான் பையனைக் கூட்டி வருகிறாள்.

வந்த இடத்திலும் பசிதான். ஒருநாள் செத்த கோழி ஒன்று பையனுக்குக் கிடைக்கிறது. வீட்டுக்குத் தூக்கி வருகிறான். பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறான் அல்லவா, அதேபோல் கிழக்கே திரும்பி, பிஸ்மில்லா சொல்லி, கத்தியை எடுத்து அறுக்கிறான். ரத்தம் வரவில்லை. அம்மா வந்து பதறிப்போய், செத்ததை மனுஷர் தின்பார்களா என்று பிடுங்கிக்கொள்கிறாள். முதன்முதலில் படித்தபோது இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். களவு, கஞ்சா, விலைமாதர் தெரு எல்லாம் பின்னால் வருகின்றன. எனக்கு அந்தக் கோழிதான் நிற்கிறது.

நூலின் அரபுத் தலைப்பு ‘அல்குப்ஸ் அல்ஹாஃபி’. குப்ஸ் என்றால் ரொட்டி, ஹாஃபி என்றால் வெறுங்கால். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாத ரொட்டியை அப்படிச் சொல்வார்கள். நாம் வெறுஞ்சோறு என்கிறோமே, அதேதான்.

கேள்வி: ஆபாசம் என்றுதானே அந்த நூலைத் தடை செய்தார்கள்? அது சரிதானே? (வாசகர், கோவில்பட்டி)

தடை செய்தார்கள், உண்மை. நூல் முதலில் வந்ததே ஆங்கிலத்தில்தான், 1973இல், பால் பவுல்ஸ் மொழிபெயர்ப்பில். 1980இல் தஹர் பென் ஜெலூன் பிரெஞ்சில் கொண்டுவந்தார். சொந்த நாட்டு வாசகர்கள் படிக்க அரபியில் அச்சானது 1982இல். மறு வருடமே மொராக்கோவில் தடை. 2000ஆம் ஆண்டில்தான் அது விலகியது. கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் 1998-99இல் பெற்றோர் புகார் செய்து, பாடத்திலிருந்து நூலை எடுக்கும்படி ஆயிற்று.

படுக்கையறை விஷயங்கள் அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கின்றன. ஆனால் என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்த நூலில் எவருக்கும் பொறுக்க முடியாதது அப்பாவைப் பற்றி எழுதியதுதான். பசி தாளாமல் நோயில் கிடந்து அழும் தம்பியின் கழுத்தை அப்பா திருகிக் கொல்கிறார். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தம்பி வாயிலிருந்து ரத்தம் வருகிறது. இதை எழுதியவர், அந்த அப்பா சாக வேண்டும் என்று தான் ஆசைப்பட்டதையும் சேர்த்தே எழுதினார். பெற்றோரை ‘சீ’ என்றுகூடச் சொல்லாதே என்று குர்ஆன் சொல்லும் சமூகத்தில் இருந்துகொண்டு எழுதினார்.

என் அப்பா போய்ப் பதினோரு வருடமாகிறது. எங்களை இடுப்பு பெல்ட்டால் அடிப்பார். சோற்றுத் தட்டு சுவரில் மோதும் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. இத்தனை வருடம் இந்தப் பக்கத்தில் எழுதிவருகிறேன், அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அம்மா முகம் வந்துவிடும். இன்று இந்த நாலு வரி எழுதியிருக்கிறேன். அதற்கே கை நடுங்குகிறது. ஷுக்ரி ஒரு புத்தகம் முழுக்க எழுதினார். சரியா தப்பா என்று கேட்கிறீர்கள். அவர் எழுதியது சரி, தடை தப்பு.

கேள்வி: இருபது வயது வரை எழுத்தே தெரியாதவர் என்கிறார்களே, நம்பலாமா? (வாசகர், திருவாரூர்)

நம்பலாம். தாய்மொழி ரீஃப் பகுதியின் பெர்பர். அரபியே தெருவில் கற்ற மொழிதான். ஒருமுறை போலீஸ் பிடித்து அடைத்தபோது, கூட இருந்த கைதி துனீசியக் கவி அபுல் காசிம் அல்ஷாபியின் வரிகளைச் சுவரில் எழுதி, பொருள் சொல்லி, சில எழுத்துகளையும் காட்டிக்கொடுக்கிறார். மக்கள் வாழ வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் விதி இணங்கித்தான் ஆகவேண்டும் என்ற புகழ்பெற்ற வரிகள் அவை. அப்புறம் லராஷ் என்ற ஊருக்குப் போய், இருபது வயதுக்கு மேல், சின்னப் பிள்ளைகள் படிக்கும் பாடத்திலிருந்து தொடங்கினார். 1966இல் பெய்ரூட்டின் ‘அல் ஆதாப்’ இதழில் அவர் கதை வந்துவிட்டது. பத்தே வருடம்! பின்னாளில் டாஞ்சியரில் ஆசிரியராகவும் இருந்தார். 2003 நவம்பரில் புற்றுநோயில் இறந்தார்.

நூலின் கடைசியில் தம்பியைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். எந்தக் குழி என்று சரியாகத் தெரியவில்லை. ஓதவும் அவருக்கு அப்போது தெரியாது. கூட வந்த நண்பர்தான் ஓதுகிறார்.