முதல் பரிசு வாங்கினால்தான் ஆடலாமா?

வணக்கம். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்காக ஒரு கதை எழுதியிருக்கிறேன். நடனம் என்றால் உயிராக இருக்கும் ஒரு பையன். வகுப்பில் கேலி, வீட்டில் அப்பாவின் திட்டு. கடைசியில் போட்டியில் முதல் பரிசு வாங்குகிறான். கேலி செய்தவர்கள் கைதட்ட, அப்பா கண்கலங்குகிறார். படித்துவிட்டு என் தோழி, “இது கதை இல்லை, பிரச்சாரம்” என்கிறாள். குழந்தைக் கதையில் கருத்து இருக்கக் கூடாதா?

க.

அன்புள்ள க.,

தாராளமாக இருக்கலாம். இளவரசன் போய் இளவரசியைக் காப்பாற்றுவதும் கருத்துதான். பழகிவிட்டதால் அது நம் கண்ணில் படுவதில்லை. லெனோர் வைட்ஸ்மன் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், கால்டிகாட் விருதை (அமெரிக்காவில் குழந்தைகளுக்கான சிறந்த படப்புத்தகத்துக்குத் தரும் விருது) வென்ற, அதற்கு அடுத்த நிலையில் வந்த புத்தகங்களின் படங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆண் படங்கள் 261, பெண் படங்கள் 23. அந்தப் புத்தகங்களைப் பிரச்சாரம் என்று யாரும் ஒதுக்கிவைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த முதல் பரிசு. சரி, பையன் நாலாவதாக வந்திருந்தால்? அப்பா திட்டியது நியாயமாகிவிடுமா? சுமாராக ஆடுகிற, ஆனால் ஆடாமல் இருக்க முடியாத ஒரு பையன் உங்கள் கதையைப் படிக்கிறான் என்று வையுங்கள். ஜெயித்துக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்றுதான் அவனுக்குப் புரியும்.

நல்ல புத்தகங்களும் இங்கே தடுக்கி விழுந்திருக்கின்றன. 1972-ல் வந்த சார்லட் ஸோலோடோவின் ‘வில்லியம்ஸ் டால்’ (வில்லியமின் பொம்மை) கதையில் பையன் கொஞ்சி விளையாட ஒரு பாப்பா பொம்மை கேட்கிறான். அப்பா பந்தும் ரயிலும் வாங்கித் தருகிறார். பாட்டிதான் பொம்மை வாங்கிக் கொடுக்கிறாள். ஏன் என்று அப்பா கேட்டால், நாளைக்கு இவனும் ஒரு அப்பாவாகும்போது உதவும் என்கிறாள். அந்தக் காலத்துக்குத் துணிச்சலான புத்தகம், மறுக்கவில்லை. ஆனாலும் பொம்மையால் என்ன பிரயோஜனம் என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. ரயிலுக்கு அப்படி எந்தக் கணக்கும் யாரும் கேட்கவில்லை!

அதற்கு 36 வருடம் முன்பே மன்ரோ லீஃப் எழுதிய ஃபெர்டினாண்ட் என்ற காளை இந்த வம்பே இல்லாமல் தப்பித்தது. மற்ற கன்றுகள் முட்டி மோதும்போது இது மரத்தடியில் பூ வாசம் பிடித்துக்கொண்டிருக்கும். தனியாக இருக்கிறதே என்று அம்மா கவலைப்படும்; பிள்ளை சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் விட்டுவிடும். காளைச் சண்டைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் உட்கார்ந்து பூ வாசம்தான். வேறு வழியில்லாமல் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். எதிலும் ஜெயிக்கவில்லை, யாரையும் திருத்தவுமில்லை.

(பெண் குழந்தைகளின் கதைகளில் சிக்கல் வேறு மாதிரி. வாள் எடுக்கிற பெண்ணைக் கொண்டாடுகிறோம். ஆனால் அவள் வாளும் எடுத்து ரிப்பனும் கட்டிக்கொண்டால் எழுத்தாளருக்கே கை கூசுகிறது.)

இன்னொன்று. கேலி, திட்டு, போட்டி, கைதட்டல் எல்லாம் உங்கள் கதைச் சுருக்கத்தில் இருக்கின்றன, அவன் ஆடுவது மட்டும் இல்லை. எந்தப் பாட்டுக்குக் கால் தானாக எழுகிறது? எந்தச் சுழற்சியில் ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறான்? யாரும் பார்க்காதபோதும் ஆடுவானா? முதலில் இதை எழுதுங்கள். போட்டியைத் தூக்கிவிட்டால் இரண்டு மூன்று பக்கமாவது மிச்சமாகும், இடம் போதும். அப்பா அழ வேண்டாம். அவர் கடைசி வரை முறைத்துக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை, கதை அவருடையது இல்லையே.

திருத்தி எழுதினால் அனுப்புங்கள், படிக்கிறேன்.