எம்.எஸ். ஊசியை வீட்டிலேயே போடுகிறவர்களுக்கு: சிஸ்டரின் பதில்கள்

நரம்பியல் வார்டில் செவிலியராக இருந்த வருடங்களில், எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அநேகம் பேர் ஊசி குத்துவதை இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது ஆகிவிட்டால் அதை வெளியே சொல்லாமல் மறைப்பதுதான் எனக்குக் கவலை தந்தது. இந்த முறை வந்த கேள்விகளிலும் அதையே பார்க்கிறேன்.

சிஸ்டர், எம்.எஸ்.ஸுக்கான கிளாட்டிராமர் ஊசி 20 மி.கி. தினமும் போடுகிறேன், நாலு மாதம் ஆகிறது. போன வாரம் ஊசியை எடுத்த இரண்டாவது நிமிடம் முகமெல்லாம் சூடேறி, நெஞ்சை அழுத்தி, படபடவென்று அடித்துக்கொண்டது. இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. அடுத்த ஊசியை எடுக்கவே கை நடுங்குகிறது. (மதுரை, 29 வயது)

அம்மா, முதலில் வீட்டில் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அடுத்த ஊசி வேண்டாம்.

நீங்கள் சொல்வது இந்த மருந்துக்கென்றே உள்ள ஒரு எதிர்வினை போலத்தான் தெரிகிறது. 20 மி.கி. ஊசியை வைத்து நடந்த ஆய்வுகளில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு ஒரு தடவையாவது இது வந்தது. முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், காரணமில்லாத ஒரு பயம் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம் போனால் அரை மணிக்குள், தானே அடங்கிவிடும்.

ஆனால் நிஜமான கடும் ஒவ்வாமையும் இதே முகத்தோடுதான் ஆரம்பிக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துக்கு இருப்பதிலேயே கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. முதல் ஊசியிலும் வரலாம், பல வருடம் பிரச்சினையே இல்லாமல் போட்டவருக்கும் வரலாம், பெரும்பாலும் ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வரும். உயிர் போனவர்களும் உண்டு. அதனால் "போன தடவை தானாகச் சரியானதே" என்று காத்திருக்கக் கூடாது. குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனாலோ, உடம்பெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், தொண்டை அடைப்பு, வீசிங், வாந்தி, தலைசுற்றி விழுவது என எது சேர்ந்தாலோ உடனே 108. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டு "பார்ப்போம்" என்று இருப்பது நேரத்தை வீணாக்கும்.

இதனால்தான் ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரமாவது வீட்டில் யாராவது இருக்கட்டும் என்று எல்லாரிடமும் சொல்வேன். குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மாமியாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மருந்துக்கடையில் இந்த மாதம் கிளாட்டிராமர் 40 மி.கி. கொடுத்துவிட்டார்கள். எப்போதும் போல் தினமும் போடலாமா? (சேலம்)

கூடாது தம்பி. 20 மி.கி. தினமும் போடுவது. 40 மி.கி. வாரத்தில் மூன்றே நாள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 48 மணி நேர இடைவெளி வேண்டும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். 40-இல் பாதியைப் போட்டு 20 ஆக்குவதும் வேண்டாம். எது உங்களுக்கு என்று மருத்துவர் எழுதித் தரட்டும், அதுவரை பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள்.

மே மாதம். கரண்ட் அடிக்கடி போகிறது. திருநெல்வேலிக்கு இரவு பஸ்ஸில் வேறு போக வேண்டும். மருந்து கெட்டுவிடுமா? (சென்னை)

கிளாட்டிராமரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். முடியாதபோது அறை வெப்பத்தில் ஒரு மாதம் வரை தாங்கும் என்பார்கள். அந்த "அறை வெப்பம்" என்பது 15 முதல் 30 டிகிரி. மே மாதத்தில் நம் வீட்டு அலமாரிக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

சூட்டுக்குப் பயந்து உறைய வைத்துவிடுவதும் நடக்கிறது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு அடியில் இருக்கும் தட்டில் வைத்தால் சில நாள் ஐஸ் பிடித்துவிடும். ஒரு தடவை உறைந்த சிரிஞ்சை, உருகித் தெளிவாகத் தெரிந்தாலும், தூக்கிப் போட வேண்டியதுதான். நடுத்தட்டில், பெட்டியோடு வையுங்கள். பயணத்துக்கு ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி, மருந்தின் மேல் நேராகப் படாதபடி வைத்து, பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பஸ் டிக்கியில் போடாதீர்கள்.

எம்.எஸ்.ஸுக்கான இன்னொரு ஊசியான இன்டர்ஃபெரான் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒவ்வொரு விதி. உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள்.

அம்மாவுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா ஆரம்பித்து மூன்று வாரம். ஊசி போட்ட இரவு குளிர்காய்ச்சல், உடம்புவலி. மறுநாள் காலை கால் துவண்டு கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. நோய் திரும்பிவிட்டதா? நிறுத்திவிடலாமா? (தஞ்சாவூர்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலும் உடம்புவலியும் இந்த மருந்தின் ஆரம்ப மாதங்களில் சகஜம், நாளாக நாளாகக் குறையும். கால் துவண்டதற்கும் காய்ச்சலே காரணமாக இருக்கலாம். எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடம்பு சூடானால், ஏற்கெனவே அடிபட்ட நரம்பில் சேதி ஓடுவது இன்னும் மந்தமாகிப் பழைய தொந்தரவு தலைகாட்டும். வெயிலில் நடந்தாலும், கொதிக்கும் நீரில் குளித்தாலும் இப்படி ஆகும். சூடு தணிந்ததும் கால் பழையபடி வந்துவிட்டால் அது புதுத் தாக்குதல் இல்லை. காய்ச்சல் இல்லாமலே புதிய பலவீனமோ பார்வை மங்கலோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல் ஊசி நாளோடு ஒட்டாமல் வந்தாலும் போங்கள். அது வேறு தொற்றாக இருக்கலாம்.

ஊசியைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றுங்கள், காய்ச்சலைத் தூக்கத்திலேயே கழித்துவிடலாம். பாரசிட்டமால் எவ்வளவு, எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழு அளவையும் ஒரேயடியாக ஆரம்பித்திருந்தால், குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற முடியுமா என்றும் கேளுங்கள். கல்லீரல், ரத்த அணுக்கள் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மஞ்சள் காமாலைக்கு என்றோ வேறெதற்கோ அம்மா நாட்டு மருந்து குடித்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டில் பிடிப்பில்லாமல், "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், "நோய் வந்த மனசு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இன்டர்ஃபெரானால் மனச்சோர்வு வரலாம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

தொடையில் கிளாட்டிராமர் ஊசி போடும் இடம் குழிவிழுந்திருக்கிறது. மசாஜ் செய்தால் சரியாகுமா? (கோவை)

ஆகாது, வருத்தமாகத்தான் இருக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கரைந்ததால் வந்த குழி அது. பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வரிசையாக மூன்று குழிகள் வைத்திருந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். "வலது தொடைதான் சௌகரியம், அங்கேயே போட்டேன்" என்றார். குழியில் இனி போடாதீர்கள். வயிறு, இரண்டு தொடை, இரண்டு கையின் பின்பக்கம், இடுப்பின் மேல்பக்கம் என்று சுற்றிவர வேண்டும். ஒரே இடத்துக்கு ஒரு வாரம் கழியாமல் திரும்பக் கூடாது. தொப்புளைச் சுற்றி நாலு விரல் அகலம் விட்டுவிடுங்கள். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் "இ.தொ" (இடது தொடை), "வ.வ" (வலது வயிறு) என்று குறித்தால் மறக்காது.

மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 20 நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள், எரிச்சல் குறையும். ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள். உள்ளே சின்னக் காற்றுக்குமிழி இருந்தால் அதைத் தட்டி வெளியேற்ற வேண்டாம், மருந்துதான் வீணாகும். போட்ட பிறகு தேய்க்காதீர்கள். தோல் கறுத்து, நீலம் பாய்ந்து, புண்ணாகி நீர் வடிந்தால் காட்ட வேண்டும்.

மாதம் ஒரு முறை போடும் ஒஃபாடுமுமாப் என்ற எம்.எஸ். ஊசியை எழுதியிருக்கிறார்கள். முன்னால் ஏதாவது பார்க்க வேண்டுமா? (பெங்களூர்)

ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். உள்ளே பதுங்கியிருக்கும் கிருமியை இந்த மருந்து எழுப்பிவிடும். தடுப்பூசி பாக்கி இருந்தால் ஆரம்பிக்கும் முன்பே முடியுங்கள்: உயிருள்ள கிருமி வகை குறைந்தது 4 வாரம் முன்னால், மற்றவை 2 வாரம் முன்னால். ஒஃபாடுமுமாபின் முதல் மூன்று ஊசிகள் வாரம் ஒன்று, மாதக் கணக்கு நான்காவது வாரத்திலிருந்து தொடங்கும். முதல் ஊசியை மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். ஊசியை நிறுத்த வேண்டுமா? (திருச்சி)

மருந்துக்கு மருந்து பதில் மாறும். கிளாட்டிராமர், இன்டர்ஃபெரான் இரண்டையும் தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் தொடர மருத்துவர்கள் அனுமதிப்பதுண்டு. கர்ப்பம் தரித்த பிறகு பதறி நிறுத்துவதைவிட, அதற்கு முன்பே கணவனும் மனைவியுமாகப் போய்க் கேளுங்கள்.

பயன்படுத்திய ஊசிகளை என்ன செய்வது? குப்பை வண்டியில் போடலாமா? (ஈரோடு)

அப்படியே போடாதீர்கள். அந்தக் குப்பையைக் கையால் பிரிக்கிற ஒருவர் இருக்கிறார். மூடி போட்டு மறுபடி சொருகும்போதுதான் நம் விரலிலும் குத்தும், அதனால் மூடாமல், குத்திய கையோடு கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். தரை துடைக்கும் திரவம் வந்த கேன் நன்றாக இருக்கும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றி, "ஊசி" என்று பெரிதாக எழுதி, நீங்கள் பார்க்கும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டு அபாயக் குப்பையாகத் தனியாக, தூய்மைப் பணியாளரிடம் வாயால் சொல்லிக் கொடுங்கள்.