விடிய விடிய ஆட்டம், தேடித் தேடித் தட்டு: வாசகர் கேள்வி பதில்

மான்செஸ்டரில் டெக்ஸ்டைல் படித்த நாட்களைப் பற்றிப் போன இதழில் எழுதியபோது, சனிக்கிழமை ராத்திரிகளில் 'நார்தர்ன் சோல்' ஆட்டத்துக்காகப் பக்கத்து ஊரான விகனில் இருந்த விகன் கேசினோ ஹாலுக்குப் போவோம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதம் மேல் கடிதம். அதனால் இந்த முறை பத்தி முழுக்க அதுதான்.

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு. அதற்கும் இங்கிலாந்தின் வடக்குக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பாட்டு அமெரிக்கா, ஆட்டம் இங்கிலாந்து. 1960களில் மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல் என்று ஒரு கிளப் இருந்தது. சனி ராத்திரி தொடங்கினால் ஞாயிறு காலை வரை சோல்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து இசைத்தட்டு கம்பெனியான மோடவுன் பிரபலமாக்கிய அந்த வேகத் தாளத்தில் வடக்கத்திப் பிள்ளைகள் சொக்கிப் போனார்கள். 60கள் முடியும்போது அமெரிக்க இசை ஃபங்க் என்ற வேறு பாணியின் பக்கம் திரும்பியது, லண்டனும் பின்னாலேயே போனது, ஆனால் வடக்கு போகவில்லை. வாரம் முழுக்க மில்லிலும் சுரங்கத்திலும் பாடுபட்டவர்களுக்குச் சனிக்கிழமை அந்த வேகம்தான் வேண்டியிருந்தது. லண்டன் கோவன்ட் கார்டனில் சோல் சிட்டி என்ற ரிக்கார்டு கடையை நடத்திய டேவ் காடின் இதைக் கவனித்தார். கால்பந்து மேட்ச் பார்க்க வரும் வடக்கத்திக்காரர்கள் கடைக்குள் வந்தால் புதுசைப் போட்டுக் காட்டி நேரத்தை வீணாக்காதே, அவர்கள் கேட்கிற வேகப் பாட்டைப் போடு என்று கடைப் பையன்களுக்குச் சொல்வதற்காக அவர் வைத்த பெயர்தான் நார்தர்ன் சோல். 1970ல் 'புளூஸ் அண்ட் சோல்' பத்திரிகையில் அவர் எழுதிய பத்தி மூலம் அது ஊரெல்லாம் பரவியது.

அந்த மாதிரிப் பாட்டு புதிதாக வருவது நின்றுபோனால் என்ன செய்வது? பின்னால் போய்த் தேட வேண்டியதுதான். 1965, 66ல் வெளிவந்து யார் காதிலும் விழாமல் போன பாட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள். ரிக்கார்டு வேட்டை பிறந்தது அப்படித்தான்.

அவ்வளவு நல்ல பாட்டுகள் என்றால் அமெரிக்காவிலேயே ஏன் ஓடவில்லை? (வாசகி, திருநெல்வேலி)

பாட்டு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, ரேடியோவில் போட ஆள் வேண்டும். மோடவுன் காசு பார்த்ததும் டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்பியா என்று தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன லேபிள்கள், அதாவது இசைத்தட்டு கம்பெனிகள், முளைத்தன. கையில் இருக்கிற பணத்தைப் போட்டு ஒரு பாட்டைப் பதிவு செய்வார்கள், சில நூறு இசைத்தட்டு அடிப்பார்கள், ரேடியோ நிலையங்களுக்குக் கொஞ்சம் அனுப்புவார்கள், யாரும் போடவில்லை என்றால் கதை முடிந்தது. வாசித்தவர்கள் ஒன்றும் சாதாரணமானவர்கள் இல்லை. மோடவுனின் சொந்த வாத்தியக்காரர்களே டெட்ராய்ட்டின் ரிக்-டிக் லேபிளுக்கு ரகசியமாகப் போய் வாசித்திருக்கிறார்கள். அந்தத் தட்டுகளைப் போட்டுக் கேளுங்கள், டிரம்ஸ் விழுகிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

விற்காத தட்டெல்லாம் கோடவுனில் தூங்கியது. 1970களில் இங்கிலாந்திலிருந்து போன டிஜேக்களும் வியாபாரிகளும் அதைச் சில்லறைக் காசுக்குப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தார்கள். 'டெய்ன்டட் லவ்' கதை தெரிந்திருக்கும். குளோரியா ஜோன்ஸ் பாடி 1965ல் ஒரு தட்டின் பின்பக்கத்தில் வந்த பாட்டு, எங்கும் எடுபடவில்லை. ரிச்சர்ட் சியர்லிங் என்ற டிஜே 1973ல் பிலடெல்பியாவில் அதை வாங்கி வந்து வடக்கில் போட்டார். 1981ல் சாஃப்ட் செல் என்ற இங்கிலாந்துக் குழு திரும்பப் பாடியபோது பிரிட்டனில் முதலிடத்துக்கே போய்விட்டது.

விகன் கேசினோ உள்ளே எப்படி இருக்கும்? சூதாட்ட இடமா? (வாசகர், மதுரை)

பெயர்தான் கேசினோ. பழைய எம்ப்ரஸ் பால்ரூம் அது, உயரமான கூரை, சுற்றிலும் பால்கனி, நடுவில் பெரிய மரத்தளம். 1973 செப்டம்பர் 23ல் முதல் ஆல்நைட்டர், அதாவது விடிய விடிய ஆட்டம், 1981 டிசம்பர் 6ல் கடைசி. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு திறந்தால் காலை எட்டு வரை. மது கிடையாது. போதை மாத்திரை போட்டுக்கொண்டு ஆடியவர்கள் இருந்தார்கள், அதனால் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களையும் எனக்குத் தெரியும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் ஆடத்தான் வந்தார்கள்.

ஜோடி சேர்ந்து ஆடுவதெல்லாம் இங்கே இல்லை, அவரவர் தனியாக ஆடுவார்கள். கையில் ஒரு பை, அதில் மாற்றுச் சட்டை, துண்டு, பவுடர் டப்பா. தளத்தில் கொஞ்சம் பவுடரைத் தூவிக்கொண்டால் தோல் அடிப்பாகம் வைத்த ஷூ வழுக்கிக்கொண்டு போகும், அந்த வழுக்கலில்தான் பக்கவாட்டு நடையும் சுழற்சியும். பின்னால் அப்படியே சாய்ந்து கையை ஊன்றி அதே தாளத்தில் எழுந்து நிற்பார்கள். பாட்டில் ஓர் இடத்தில் எல்லா வாத்தியமும் ஒரு கணம் நின்று திரும்ப விழும் பாருங்கள், அந்த இடத்தில் ஹால் முழுக்க ஒரே ஒரு கைதட்டல். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான பேர், ஒருவர் கூடத் தாளம் தப்ப மாட்டார். முதல் முறை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திருவிழாவில் தவில்காரர் தீர்மானம் வைக்கும்போது கூட்டமே தலையாட்டுமே, அந்தச் சுகம்.

ஒவ்வொரு ஆல்நைட்டரும் அதே மூன்று பாட்டில்தான் முடியும். பாடியவர்கள் ஜிம்மி ராட்கிளிஃப், டோபி லெஜண்ட், டீன் பாரிஷ். எட்டு மணிக்கு முந்தைய மூன்று என்றே அதற்குப் பெயர்.

தளத்தை விட்டு ஒதுங்கினால் தட்டு வியாபாரம். மேஜை மேல் மரப்பெட்டி, உள்ளே நெருக்கி அடுக்கிய 45கள், நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்ன இசைத்தட்டுகள். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டே போவோம், ஏதாவது ஒன்றில் கை நிற்கும். உறையிலிருந்து எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் கீறல் தெரியும். நான் அப்படி வாங்கியது சிகாகோ பாடகர் மேஜர் லான்ஸின் தட்டு ஒன்று, ஓகே லேபிளின் அந்த ஊதா நிறம், நடுவில் அமெரிக்கத் தட்டுக்கே உரிய பெரிய ஓட்டை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு காலை ரயிலில் மான்செஸ்டர் திரும்பினேன். இன்றும் என்னிடம் இருக்கிறது.

டிஜேக்கள் தட்டின் பெயரை மறைப்பார்களாமே, அது ஏமாற்று இல்லையா? (வாசகர், ஈரோடு)

தட்டின் நடுவில் பெயர் அச்சிட்ட லேபிள் காகிதத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பொய்யாக ஒரு பாடகர் பெயரும் பாட்டின் பெயரும் வைத்து அறிவிப்பார்கள், உண்மைதான். கஷ்டப்பட்டுத் தேடிய பாட்டை மறுவாரமே இன்னொருவர் தேடிப் பிடித்துவிடக் கூடாது, கள்ளத்தட்டு அடிப்பவர்களும் மோப்பம் பிடிக்கக் கூடாது என்பதற்காக. கள்ளத்தட்டுத் தொல்லை அப்போது நிஜமாகவே பெரிது. ஆனாலும் எனக்கு அது பிடிக்காது. பாடியவருக்கு ஏற்கெனவே பணம் போய்ச் சேரவில்லை, பெயராவது சேர வேண்டாமா? அந்தக் கடைசி மூன்றில் ஒன்றான டீன் பாரிஷ் பாட்டு 1975ல் பிரிட்டனில் மறுபடி வெளியாகி அமோகமாக விற்றது, தன் பாட்டுக்கு இங்கே இத்தனை ரசிகர்கள் என்பது அவருக்கே ரொம்பப் பிந்தித்தான் தெரியவந்தது.

ஒரே ஒரு தட்டு ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனதாகப் படித்தேன். நம்பலாமா? (வாசகர், சென்னை)

நம்பலாம். ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ'. 1965ல் மோடவுனின் 'சோல்' என்ற பெயர் கொண்ட துணை லேபிளுக்காக மாதிரித் தட்டுகள் அடித்தார்கள், சுமார் 250 என்பார்கள். வெளியிடவில்லை, அடித்ததையும் அழித்துவிட்டார்கள். வில்சன் பாடகராக இருப்பதைவிடப் பாட்டெழுதித் தயாரிப்பதிலேயே இருந்துவிட்டார். தப்பிய தட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2009ல் ஒன்று 25,742 பவுண்டுக்கு விற்றது, 2020ல் ஒன்று லட்சத்தைத் தாண்டியது.

விலையைக் கேட்டு வாய் பிளப்பதைவிட அந்தப் பாட்டை ஒரு தடவை கேளுங்கள் என்றுதான் சொல்வேன். சுமார் இரண்டரை நிமிடத்தில் ஒரு மனிதர் நெஞ்சைத் திறந்து வைக்கிறார். கேசினோவின் கடைசி ராத்திரியில், வழக்கமான மூன்றும் முடிந்து கூட்டம் கலைய மறுத்து நின்றபோது, கடைசியாகப் போட்டதும் இதைத்தான். விலை ஏறியது அதற்கெல்லாம் பிறகு. ஆட்டக்காரர்கள் கொண்டாடியதால்தான் அது பொக்கிஷமானது. அபூர்வம், ஆனால் ஆட லாயக்கில்லை என்று எத்தனையோ தட்டுகள் இருக்கின்றன, அவற்றை யாரும் சீந்துவதில்லை.

இணையத்தில் சில 45கள் வாங்கினேன். அசலா என்று எப்படித் தெரியும்? (வாசகர், பெங்களூரு)

லேபிளுக்கும் பாட்டுக்கும் நடுவே வெறும் பளபளப்பாக ஒரு வளையம் இருக்கும், அங்கே பாருங்கள். அதில் எண்களும் குறிகளும் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஆலைத் தட்டு என்றால் ஒரு சின்ன முக்கோணமும் எண்ணும். அசலில் அச்சாகப் பதிந்திருக்க வேண்டிய முத்திரை உங்கள் தட்டில் கையால் கிறுக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். லேபிள் எழுத்து மங்கலாக, போட்டோவைப் போட்டோ எடுத்த மாதிரி இருந்தாலும் அப்படித்தான். இன்னொன்று, பல அமெரிக்க 45கள் வழக்கமான வினைல் இல்லை, ஸ்டைரீன் என்ற வேறொரு பிளாஸ்டிக். பார்க்கப் புதுசாக இருக்கும், ஆனால் மோசமான முள் சில தடவை ஓடினாலே இரைச்சல் ஏறிவிடும். போட்டுக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்த மாதம் லண்டன் போகிறேன். இப்போதும் எங்காவது நடக்கிறதா? (வாசகி, திருச்சி)

விகன் கேசினோ கட்டடம் போய்விட்டது, அங்கே இப்போது ஷாப்பிங் சென்டர். லண்டனில் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் 100 கிளப்பில் 1980களின் தொடக்கத்திலிருந்து ஆல்நைட்டர் நடத்திவருகிறார்கள், தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஷூ வேண்டாம், கால் சுழலாது. ஆடத் தெரியாது என்று தயங்க வேண்டியதில்லை, யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தளத்தைக் குறுக்கே கடந்து மட்டும் நடக்காதீர்கள், கையில் கிளாஸோடு சுத்தமாகக் கூடாது. பிடித்த பாட்டு வந்தால் பக்கத்தில் நிற்கிற வயதானவரிடம் பெயரைக் கேளுங்கள், பாடகர், லேபிள், ஊர், வருஷம் எல்லாம் சேர்த்தே சொல்லிவிடுவார்.