தூள் குறைந்தால் திட்டும் மேலாளர்: வேலையை விடலாமா?

வணக்கம். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி மேற்பார்வையாளராக இருக்கும் உங்களை, தூள் குறையும்போதெல்லாம் மேலாளர் தொழிலாளர்கள் முன்னிலையில் ஏசுவதாகவும், வேலையை விட நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கோத்தகிரியில் இதே பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 4 முதல் 4.5 கிலோ பச்சைத் தேயிலை வேண்டும்; ஐப்பசி மழையில் நனைந்த இலை மேல்நீரோடு எடை போடப்படுவதால், அந்தக் கணக்கு தவறுவது உங்கள் குற்றமாகாது. ஆகவே இலை வந்த நேரம், ஈரத்துக்குக் கழித்த எடை, இலை வாடக் கிடந்த மணிக்கணக்கு, மின்சாரம் நின்ற நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றன்றே குறித்து, பணி மாறும்போது அடுத்த மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். என் மேலாளர் முதல் நாள் அந்த நோட்டைத் தூக்கி எறிந்தார். மூன்றாம் வாரம் முதலாளிக்குப் பதில் சொல்ல அவரே அதைக் கேட்டு வாங்கிப்போனார்.

ஏசும்போது எதிர்த்துப் பேச வேண்டாம். மறுநாள் அவர் தனியாக இருக்கையில், “ஆட்கள் முன்னால் திட்டினால் அவர்கள் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள் சார், உற்பத்திதான் கெடும்” என்று சொல்லிப் பாருங்கள். (மரியாதை என்று தொடங்கினால் அவர் காதில் ஏறாது.) அதன் பிறகும் தொடர்ந்தால், நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதி முதலாளியிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுங்கள்.

ராஜினாமாவை மட்டும் கோபத்தில் எழுதிவிடாதீர்கள். நிரந்தரப் பணியில் 5 ஆண்டு நிறைய உங்களுக்கு இன்னும் ஓராண்டு இருப்பதால், இப்போது விலகினால் பணிக்கொடை கிடைக்காது.