ராபிட்எம்க்யூவில் எக்ஸ்சேஞ்ச், க்யூ எப்படி அமைப்பது? எரர் இல்லாமலே மெசேஜ் ஏன் காணாமல் போகிறது?

ராபிட்எம்க்யூ ஒரு ப்ரோக்கர், அதாவது ஒரு ப்ரோக்ராம் அனுப்பும் மெசேஜை வாங்கி இன்னொரு ப்ரோக்ராமுக்குச் சேர்க்கும் மென்பொருள். அதில் பப்ளிஷ் (அனுப்புவது) ஆகிறது, எரர் எதுவும் இல்லை, ஆனால் சில மெசேஜ்கள் மட்டும் கன்ஸ்யூமருக்கு (வாங்கும் ப்ரோக்ராமுக்கு) வந்து சேருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்சேஞ்ச் எந்த வகை வைப்பது, க்யூவுக்கு என்னென்ன செட்டிங் போடுவது என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் இரண்டாவதில் பாதி தீர்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் தீர்ந்தது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு சாஃப்ட்வேர் பார்க்கிறேன். சிறு விவசாயிகள் பறித்த பசுந்தேயிலையை ஊர் ஊராக இருக்கும் கொள்முதல் ஷெட்டுக்குக் கொண்டுவந்து எடை போடுவார்கள். ஷெட்டில் இருப்பவர் போனில் விவசாயி எண், எடை, ஈரத்துக்கான கழிவு ஆகியவற்றைப் பதிந்து ரசீது கொடுப்பார். அந்த ஒரு பதிவு மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: கணக்குக்கு, விவசாயிக்கு எஸ்எம்எஸ்ஸாக, அப்புறம் எந்த ஷெட்டில் எவ்வளவு இலை சேர்ந்திருக்கிறது என்று பார்த்து லாரி அனுப்புபவரின் திரைக்கு. முன்பு இது எல்லாம் ஒரே ரிக்வெஸ்டில் நடந்தது. எஸ்எம்எஸ் கேட்வே இழுத்தால் ஷெட்டில் போன் சுற்றிக்கொண்டே நிற்கும். ஐப்பசி மழையில் மூட்டையோடு வரிசையில் நிற்பவர்கள் பேசும் பேச்சைக் கேட்ட பிறகுதான் நடுவில் ஒரு ப்ரோக்கர் வேண்டும் என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் எதையும் வைத்துக்கொள்ளாது. பஸ் ஸ்டாண்டில் "கொடநாடு, கொடநாடு" என்று கூவி ஆளை ஏற்றிவிடுகிறவர் மாதிரி அது. ஏற்றிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. வைத்துக்கொள்வது க்யூ மட்டும்தான். எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து எந்த க்யூவுக்கு எது போகும் என்று சொல்வது பைண்டிங். எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் பெயரையும் க்யூ பெயரையும் யோசித்துக்கொண்டிருப்பார்கள். மெசேஜ் தொலைவது பெரும்பாலும் பைண்டிங்கில்.

"நான் எக்ஸ்சேஞ்சே வைக்கவில்லையே, நேராக க்யூவுக்குத்தானே அனுப்புகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு வழியே இல்லை. பெயர் இல்லாத டீஃபால்ட் எக்ஸ்சேஞ்ச் ஒன்று உண்டு. ஒவ்வொரு க்யூவும் தன் பெயரையே ரவுட்டிங் கீயாக (மெசேஜோடு போகும் முகவரி மாதிரியான சொல்) கொண்டு தானாக அதில் இணைந்திருக்கும். அதனால்தான் நேராகப் போவது மாதிரி தெரிகிறது.

வகைகள் நான்கு. டைரக்ட் என்றால் கீ அப்படியே பொருந்த வேண்டும். ஃபேன்அவுட் கீயைப் பார்க்காமல் இணைந்திருக்கிற எல்லா க்யூவுக்கும் ஒரு பிரதி போடும். டாபிக், புள்ளி வைத்துப் பிரித்த சொற்களை ஒரு வடிவத்தோடு ஒப்பிடும். ஹெடர்ஸ் வகையை நான் வேலையில் இதுவரை தொட்டதில்லை. நாங்கள் எடுத்தது டாபிக். 'இலை.கோத்தகிரி.எடை', 'இலை.அரவேணு.எடை' என்று கீ. (இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன். ரவுட்டிங் கீ 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆகவே நிஜத்தில் சின்ன ஆங்கிலச் சொற்கள்தான்.) மூன்று க்யூவையும் 'இலை.*.எடை' என்று இணைத்திருந்தோம். அழகாக ஓடியது.

பிறகு சோலூர்மட்டத்தில் புதிய ஷெட் திறந்தார்கள். அதை கீழ்கோத்தகிரி லைனுக்கு அடியில் காட்ட வேண்டும் என்று நானே கீயை 'இலை.கீழ்கோத்தகிரி.சோலூர்மட்டம்.எடை' என்று வைத்தேன். நட்சத்திரக் குறி சரியாக ஒரே ஒரு சொல்லுக்குத்தான் பொருந்தும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் என்ன? அன்றைக்கு நினைவில் இல்லை. நான்கு சொல் கீ எந்த க்யூவுக்கும் பொருந்தவில்லை. எக்ஸ்சேஞ்ச் அந்த மெசேஜ்களை ஒரு வார்த்தை பேசாமல் கீழே போட்டது.

மூன்றாம் நாள் ஓர் அம்மா ஃபேக்டரி ஆபீஸுக்கே வந்துவிட்டார். கையில் நனைந்து உலர்ந்த ரசீது, மடித்த மடிப்பில் எழுத்து மங்கியிருந்தது. "தம்பி, முந்தாநாள் 42 கிலோ போட்டேன். ரசீது இந்தா இருக்கு. மெசேஜ் மட்டும் வரலியே." திரையில் அவர் எண்ணைத் தட்டினால் அந்தத் தேதியே காலி. அந்த ஷெட்டில் யார் எண்ணைத் தட்டினாலும் காலி. நல்ல வேளையாக ஷெட் போனில் பதிவுகள் இருந்தன, ரசீதுப் புத்தகமும் இருந்தது. உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம்.

எனக்கு உறுத்தியது வேறு. பப்ளிஷர் கன்ஃபர்ம், அதாவது மெசேஜை வாங்கியதும் ப்ரோக்கர் அனுப்பியவருக்கு 'ஆக்' என்ற ஒப்புகை தரும் ஏற்பாடு, போட்டிருந்தோம். போனில் பச்சை டிக் விழுந்தால் ப்ரோக்கர் வாங்கிக்கொண்டது என்றுதான் அர்த்தம் வைத்திருந்தோம். சோலூர்மட்டம் போனில் எல்லாப் பதிவுக்கும் பச்சை டிக் இருந்தது! காரணம் இதுதான்: எந்த க்யூவுக்கும் போகாத மெசேஜுக்கும் ப்ரோக்கர் ஆக் அனுப்பும். "இதற்குப் போக இடமில்லை என்று பார்த்துவிட்டேன், என் பொறுப்பு முடிந்தது" என்பது அந்த ஆக்கின் பொருள். சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் பப்ளிஷ் செய்யும்போது மேன்டேட்டரி ஃபிளாக் போட வேண்டும். அப்போது ஆக் வருவதற்கு முன் அந்த மெசேஜ் உங்களிடமே திரும்பி வரும். அந்த ரிட்டர்னைக் கவனிக்கும் கோடும் எழுத வேண்டும். அதை எழுதாமல் ஃபிளாக் மட்டும் போட்டால் பயனில்லை.

இன்னொரு வழி ஆல்டர்னேட் எக்ஸ்சேஞ்ச். "எனக்கு இடம் தெரியாததை எல்லாம் அந்த எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளு" என்று உங்கள் முதன்மை எக்ஸ்சேஞ்சில் ஒரு குறிப்பு. அந்தப் பக்கம் ஒரு ஃபேன்அவுட், அதில் ஒரே ஒரு க்யூ. திக்கற்றவருக்குத் தெய்வம் துணை என்பார்கள். ராபிட்எம்க்யூவில் அந்தத் தெய்வத்தை நாமே டிக்ளேர் செய்துவைக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் அந்த க்யூவின் செல்லப்பெயரே திக்கற்றவை. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது, மற்ற எதற்கும் முன் இதைக் கட்டுங்கள். பைண்டிங்கையும் 'இலை.#.எடை' என்று மாற்றினோம். # குறி பூஜ்யம் சொல்லுக்கும் பொருந்தும், பத்துச் சொல்லுக்கும் பொருந்தும்.

உங்கள் சிஸ்டத்திலும் முதலில் 15672 போர்ட்டில் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, அந்த எக்ஸ்சேஞ்சின் பைண்டிங் பட்டியலையும் நிஜமாக அனுப்பும் கீயையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

க்யூ பக்கம் வருவோம். எங்கள் ஊரில் மழை வலுத்தால் கரண்ட் போகும், சர்வர் விழும். க்யூவை டியூரபிள் என்று வைத்தால் போதும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு க்யூ இருக்கும், உள்ளே இருந்ததுதான் இருக்காது. மெசேஜையும் டிஸ்க்கில் எழுதிவைக்கும்படி பெர்சிஸ்டென்ட்டாக, அதாவது டெலிவரி மோட் 2 என்று அனுப்ப வேண்டும். பல நோடில் (ப்ரோக்கர் ஓடும் சர்வரில்) பிரதி வைக்கும் கோரம் க்யூ எடுத்தால் இந்தக் கவலை இல்லை, அது எப்போதும் டிஸ்க்கில் எழுதும். ஆனால் அதன் முழுப் பலன் மூன்று நோடாவது இருந்தால்தான். பழைய கட்டுரைகளைப் பார்த்து மிர்ரர்டு க்யூ (பிரதி வைக்கும் பழைய முறை) போட முயலாதீர்கள், 2024-ல் வந்த 4.0-வில் அதை எடுத்துவிட்டார்கள்.

ப்ரீஃபெட்ச் என்பது ஒரு கன்ஸ்யூமர் ஆக் கொடுக்காமல் ஒரே சமயத்தில் எத்தனை மெசேஜ் கையில் வைத்திருக்கலாம் என்ற எண். அதைக் கொடுக்காவிட்டால் வரம்பே கிடையாது. எங்கள் எஸ்எம்எஸ் வொர்க்கர் க்யூவில் இருந்த எல்லாவற்றையும் ஒரே வாயில் அள்ளிக்கொண்டது. இன்னொரு வொர்க்கரைச் சேர்த்தால் அதற்கு வேலையே இல்லை. மேனேஜ்மென்ட் பக்கத்தில் ரெடி (க்யூவில் காத்திருப்பவை) பூஜ்யம், அன்ஆக்டு (கொடுத்தும் ஆக் வராதவை) ஆயிரக்கணக்கில் என்று தெரிந்தால் இதுதான் கதை. 20 என்று வைத்தோம், சரியானது.

ஃபெயிலான மெசேஜை ரீக்யூ செய்யாதீர்கள், அதாவது அதே க்யூவுக்குத் திருப்பிப் போடாதீர்கள். அது க்யூவின் தலைக்கே திரும்பி, மறுபடி ஃபெயிலாகி, சிபியு சூடாகும். டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் (க்யூ தள்ளிவிட்ட, நேரம் முடிந்த மெசேஜ்கள் போகும் எக்ஸ்சேஞ்ச்) வைத்து, கன்ஸ்யூமரே இல்லாத ஒரு காத்திருப்பு க்யூவுக்கு அனுப்புங்கள். அங்கே டிடிஎல் (மெசேஜ் இருக்கக்கூடிய நேரம்) 5 நிமிடம். நேரம் முடிந்ததும் அது தானாகத் திரும்பி வரும். எங்கே திரும்பி வருகிறது என்பதில்தான் கவனம். நாங்கள் முதலில் அதே டாபிக் எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பினோம். எஸ்எம்எஸ் மட்டும்தானே ஃபெயில், ஆனால் திரும்பிய மெசேஜ் கணக்கு க்யூவுக்கும் ஒரு பிரதி போய்விட்டது. சில விவசாயிகளுக்கு எடை இரட்டிப்பு! அதைச் சொல்லிக்கொண்டு யாரும் ஆபீஸுக்கு வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இப்போது டீஃபால்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக, எஸ்எம்எஸ் க்யூவின் பெயரையே டெட் லெட்டர் ரவுட்டிங் கீயாகக் கொடுத்து அந்த ஒரு க்யூவுக்கு மட்டும் திருப்புகிறோம். கணக்குப் பக்கம் ரசீது எண்ணை யுனிக் ஆக்கிவிட்டோம்.

டிடிஎல், டெட் லெட்டர் மாதிரியானவற்றைக் கோடில் டிக்ளேர் செய்யும்போதே எழுதினால், பின்னால் 5 நிமிடத்தை 10 ஆக்க நினைக்கும் அன்று 406 ப்ரீகண்டிஷன் ஃபெயில்டு என்று ப்ரோக்கர் சானலையே (உங்கள் ப்ரோக்ராம் அதோடு பேசும் தடத்தையே) மூடிவிடும். இருக்கிற க்யூவை அழித்தால்தான் மாற்ற முடியும். பாலிசியாக, அதாவது கோடுக்கு வெளியே ப்ரோக்கரிலேயே வைக்கும் விதியாகப் போட்டால் ஓடும்போதே மாற்றலாம். ஒரு க்யூவுக்கு ஒரு சமயத்தில் ஒரு பாலிசிதான் செல்லும், ஆகவே தேவையானதை எல்லாம் ஒன்றிலேயே சேர்த்து எழுதுங்கள்.

திக்கற்றவை க்யூவில் எண் பூஜ்யத்தைத் தாண்டினால் என் போன் அடிக்கும். போன வாரம் அதில் 3 மெசேஜ் கிடந்தன. கொடநாடு ஷெட் செட்டிங்கில் யாரோ 'எடை'க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டியிருந்தார்கள். எடுத்துவிட்டு, அந்த மூன்றையும் சரியான கீயோடு மறுபடி அனுப்பினேன். மாலை லாரி கிளம்புவதற்குள் மூன்று பேருக்கும் எஸ்எம்எஸ் போய்விட்டது.