பழைய அமெரிக்கச் சிற்றூர்களில் பத்திரிகை நடத்தி எப்படிப் பிழைத்தார்கள்?

பத்திரிகையை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் குறைவு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்சுக்கூடக்காரரே ஆசிரியர், அச்சுக்கோப்பவர், கணக்குப்பிள்ளை எல்லாம். பஞ்சாங்கம், நீதிமன்றப் படிவம், துண்டறிக்கை இவற்றை அச்சடித்ததில்தான் கைக்காசு வந்தது. சில ஊர்களில் தபால் அதிகாரியும் அவர்தான். சந்தாவுக்குப் பலர் விறகும் தானியமும் கொடுத்தார்கள், அதையும் இழுத்தடித்து.

சரி, செய்தி எங்கிருந்து வந்தது? வெளியூர்ப் பத்திரிகைகளிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டார்கள். இதை யாரும் திருட்டாக நினைக்கவில்லை. 1792 தபால் சட்டமே பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குள் இலவசமாக இதழ்களை அனுப்பிக்கொள்ள வழி செய்தது. சந்தாதாரருக்கு 100 மைல் வரை 1 சென்ட் கட்டணம். வெளியூர் இதழ்களிலிருந்தே எடுத்துப் போட்டதால் நான்கு பக்க வார இதழில் லண்டன் செய்தி நிறைய இருக்கும், உள்ளூர்ச் செய்தி அரிது. உள்ளூர்ச் சங்கதிதான் அச்சேறுமுன்பே ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே!

துணிச்சலுக்கு ஐசாயா தாமஸ் என்ற அச்சுக்கூடக்காரரைச் சொல்லலாம். 1775 ஏப்ரலில், பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கச் சுதந்திரப் போர் வெடிப்பதற்குச் சற்று முன், பிரிட்டிஷ் படை இருந்த பாஸ்டனிலிருந்து அச்சு இயந்திரத்தை இரவோடு இரவாக வூஸ்டருக்குக் கடத்தினார். மே 3 அன்று அவருடைய 'மாசசூசெட்ஸ் ஸ்பை' பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது, அந்தப் போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் சண்டைச் செய்தியோடு.